மெக்கார்த்தியின் கையிலிருந்த காகிதம்

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க நூலகத்தில் இருவரிடையே எழுந்த சொல்லாடலே இக்கட்டுரைக்கு வித்து. ஒருவர் அஞ்சல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். மற்றவர் போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் இளைஞர். அமெரிக்க வரலாற்று நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்த இளைஞர், "மாமா, இந்த மெக்கார்த்தியை எல்லாரும் ஏன் இவ்வளவு பெரிய பூதமாகக் காட்டுகிறார்கள்? ஐந்தாண்டு கூட ஆட்டம் போடவில்லை. ஓர் ஒற்றனைக்கூடப் பிடிக்கவில்லை. ஒருவரைக்கூடச் சிறைக்கு அனுப்பவில்லை. மழைக்கால ஈசல் போலப் பறந்தார், விழுந்தார்" என்றார்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, ஈசலுக்கு ஆயுள் ஒரு நாள்தான். அது புறப்பட்ட புற்றுக்கு ஆயுள் எத்தனை என்று பார்த்தீரா?" என்று கேட்டார். பின் என் பக்கம் திரும்பி, "நீர் நாளெல்லாம் கோப்புகளோடு வாழ்பவர். இதற்கு நீரே விடை சொல்லும்" என்றார்.

அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்ல இயலாமைக்கு ஒரு காரணமும் இருந்தது. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். நாட்டைப் பிளந்த ஒரு தலைவர் உண்மையில் எவ்வளவு ஆபத்தானவர் என்னும் கேள்வியை, ஓர் அரசு எழுத்தனின் கண்ணால் இங்கே ஆராய முற்படுகிறேன்.

வீலிங் நகரில் ஒரு மாலை

ஜோசப் மெக்கார்த்தி 1908ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் உழவர் குடியிற் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கோழிப்பண்ணை வைத்தார். பின்னர் மீண்டும் பள்ளிக்குச் சென்று, நான்காண்டுப் பாடத்தை ஒரே ஆண்டில் முடித்தார். 1935இல் சட்டப் பட்டம் பெற்றார். 1939இல் வட்ட நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையிற் பணிபுரிந்தார். 1946இல் குடியரசுக் கட்சியின் சார்பில் செனட் சபைக்குத் தேர்வு பெற்றார். உழைப்பும் துணிவும் உடையவர் என்பதை அவருடைய பகைவரும் மறுத்திலர். எனினும் செனட்டில் முதல் மூன்றாண்டுகள் அவர் பெயர் பெரிதாகப் பேசப்படவில்லை.

1950 பிப்ரவரி 9ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் மகளிர் கழகம் ஒன்றில் அவர் பேசினார். அப்போது ஒரு காகிதத்தைக் காட்டி, வெளியுறவுத் துறையிற் பணிபுரியும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் உள்ளது என்றார். உள்ளூர் நாளிதழ் 205 பேர் என்று அச்சிட்டது. அடுத்த சில நாட்களில் அவரே 57 என்றார். பிப்ரவரி 20ஆம் நாள் செனட்டில் பேசியபோது 81 நேர்வுகள் என்றார். எண்கள் ஏறின, இறங்கின. பெயர்களோ வெளிவரவில்லை.

அக்காலச் சூழலை நாம் மறத்தலாகாது. 1949இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டை வெடித்தது. அதே ஆண்டில் சீனா கம்யூனிஸ்டுகள் வசமாயிற்று. 1950 ஜனவரியில், முன்னாள் வெளியுறவுத் துறை அலுவலர் ஆல்ஜர் ஹிஸ் பொய்ச்சாட்சியக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றார். மக்கள் உள்ளத்தில் அச்சம் விறகாய் அடுக்கப்பட்டிருந்தது. மெக்கார்த்தி விறகை வெட்டியவர் அல்லர், தீக்குச்சியைக் கிழித்தவர்.

எண்கள் பிறந்த கதை

அந்த 205 என்னும் எண் எங்கிருந்து வந்தது? கோப்புகளிற் பழகியவர்க்கு இது சுவையான செய்தி. 1946இல் வெளியுறவு அமைச்சராய் இருந்த பர்ன்ஸ், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர்க்குக் கடிதம் எழுதினார். வேறு துறைகளிலிருந்து வந்து சேர்ந்த ஊழியரில் 284 பேரை நிலையாகப் பணியமர்த்த வேண்டாம் என்று பரிந்துரை வந்ததாகவும், அவர்களுள் 79 பேர் நீக்கப்பட்டதாகவும் அதில் கண்டிருந்தது. 284இலிருந்து 79ஐக் கழித்தால் 205. நான்காண்டுப் பழைய கழித்தற்கணக்கு ஒன்று, 1950இல் சதிகாரர் பட்டியலாய் உருமாறிற்று. அந்த 205 பேரில் எத்தனை பேர் இன்னும் பணியில் உள்ளனர், எவர் எக்காரணத்தால் மறுக்கப்பட்டார் என்னும் விவரம் எதுவும் அக்கணக்கில் இல்லை. 57 என்னும் எண்ணும் இவ்வாறே முன்னைய காங்கிரஸ் ஆய்வொன்றின் பழைய பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதே.

அதாவது, அவர் கையிலிருந்த காகிதம் முற்றிலும் பொய்யன்று. அரசே எழுதி வைத்த ஐயத்தின் நிழல் அது. இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். என் வாதத்தின் அடித்தளம் இதுவே.

ஆபத்தில்லை என்போர் வாதம்

நூலகத்து இளைஞரின் கூற்றை எளிதாய்த் தள்ளிவிடல் முறையன்று. அவர் பக்கமும் வலுவான சான்றுகள் உள்ளன.

முதலாவது, மெக்கார்த்தி ஆட்சித் தலைவர் ஆனதில்லை. அவர் பெயரால் ஒரு சட்டமும் இல்லை. திரைப்படத் துறையினரை விசாரித்தது 1947இல் கீழவைக் குழு. அது அவர் செயலன்று. ஹிஸ் வழக்கும் ரோசன்பர்க் தம்பதியர் வழக்கும் அவர் நடத்தியவையல்ல.

இரண்டாவது, அவரை எதிர்க்கும் குரல்கள் அடக்கப்படவில்லை. 1950 ஜூன் முதல் நாளிலேயே, அவர் கட்சியைச் சேர்ந்த மார்கரெட் சேஸ் ஸ்மித் என்னும் பெண்மணி, செனட்டில் எழுந்து மனச்சான்றின் அறிக்கை ஒன்றைப் படித்தார். அறுவர் மட்டுமே அதில் உடன் கையொப்பமிட்டனர் என்பது வேறு. 1950 ஜூலையில் டைடிங்ஸ் தலைமையிலான குழு, மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகள் மோசடி என்று அறிக்கை தந்தது.

மூன்றாவது, சோவியத் ஒற்றர் இருந்தது உண்மை. சோவியத் தந்திகளை மறைகுறி நீக்கிப் படித்த வெனோனா ஆவணங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. 1940களில் அமெரிக்க அரசுக்குள் ஒற்றர் பலர் இயங்கியதை அவை காட்டின. அச்சம் முற்றிலும் கற்பனையன்று. ஆனால் அவ்வொற்றருள் பெரும்பாலோர் மெக்கார்த்தி வாய் திறக்குமுன்பே பணியை விட்டு விலகியிருந்தனர். திருடன் போன பின்பு தெருவில் நின்றவரை எல்லாம் பிடித்த கதை அது.

நான்காவது, அவர் விரைவிலேயே வீழ்ந்தார். வீலிங் பேச்சுக்கும் செனட்டின் கண்டனத்துக்கும் இடையே ஐந்தாண்டு கூட நிறையவில்லை. 1957 மே 2ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார்.

இவற்றை மட்டும் நோக்கின் இளைஞர் சொன்னதே சரி. ஆயினும் இவையனைத்தும் ஒரு மனிதரின் ஆற்றலை அளக்கும் கணக்குகள். ஒரு தலைவரின் ஆபத்தை அவர் ஆற்றலைக் கொண்டு மட்டும் அளக்கலாமா?

பொற்கொல்லனும் மன்னனும் காவலரும்

சிலப்பதிகாரத்தை நினைவுகூர்வோம். கோவலனைக் கொன்றவர் யார்? பொற்கொல்லன் வாளெடுக்கவில்லை, அவனுக்கு அந்த அதிகாரமும் இல்லை. அவனிடம் இருந்தவை ஒரு பொய்யும், அதைச் சொல்லத் தக்க நேரமும் மட்டுமே. பாண்டியன் நெடுஞ்செழியனோ ஊடிய அரசியை நாடிச் செல்லும் விரைவில் இருந்தான். அழைத்து விசாரிக்கவில்லை, ஆணையிட்டான். அவ்வாணையைத் தாங்கிச் சென்ற காவலர், கோவலனைக் கண்டதும் இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று ஐயுற்றனர். பொற்கொல்லன் கள்வர் இயல்பை விரித்துரைத்து அவர்களைக் குழப்பினான். அந்தக் குழப்பத்திடையே கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிட்டான். ஐயுற்ற காவலருள் ஒருவரேனும் மன்னனிடம் திரும்பிச் சென்று, "அரசே, மீண்டும் கேட்டறிக" என்று சொல்லவில்லை.

ஒரு பொய், விசாரியாத ஓர் ஆணை, ஐயுற்றும் வாளாவிருந்த சிலர். மூன்றும் கூடியபோதே குற்றமற்றவன் தலை உருண்டது. மெக்கார்த்தியைப் பொற்கொல்லன் இடத்தில் வைப்போம். மற்ற இரு இடங்களிலும் இருந்தவர் யாவர் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முன்பே திறந்திருந்த கோப்பு

வீலிங் பேச்சுக்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்பே, 1947 மார்ச் 21ஆம் நாள், குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார். மைய அரசின் ஊழியர் ஒவ்வொருவரின் விசுவாசமும் சோதிக்கப்படும் என்றது அது. துறைதோறும் விசுவாசக் குழுக்கள் அமைந்தன. ஊழியரின் நண்பர் எவர், அவர் படிக்கும் ஏடு எது, மனைவி சேர்ந்திருந்த கழகம் எது என்பவை கோப்பில் ஏறின.

டோரதி பெய்லி என்னும் பெண்மணி அரசு வேலைவாய்ப்புத் துறையில் பயிற்சி மேற்பார்வையாளர். அவர்மீது தகவல் தந்தவர் எவரென அவருக்குச் சொல்லப்படவில்லை. வியப்பு என்னவெனில், விசாரித்த குழுவினருக்கே அது தெரியாது. பெயரற்ற வாக்குமூலத்தின்பேரில் அவர் நீக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951இல் நீதிபதிகள் நால்வர்க்கு நால்வர் எனப் பிரிந்தனர். ஆகவே கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. பணி திரும்பவில்லை.

அதே 1951இல் ஆணையின் ஒரு தொடர் திருத்தப்பட்டது. முன்பு, ஊழியர் விசுவாசமற்றவர் என்று நம்புவதற்குத் தக்க காரணம் வேண்டும். இப்போது, விசுவாசத்தில் தக்க ஐயம் இருந்தாலே போதும். காரணம் காட்ட வேண்டியது அரசு என்னும் நிலை மாறி, ஐயத்தைப் போக்க வேண்டியவர் ஊழியர் என்றாயிற்று. சில சொற்களே மாறின. முன்பு விடுவிக்கப்பட்டவர் கோப்புகள் மறுபடி திறக்கப்பட்டன. 1953 ஏப்ரலில் ஐசனோவர் பிறப்பித்த ஆணை வலையை மேலும் விரித்தது. 1947 முதல் 1956 வரை ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊழியர் சோதிக்கப்பட்டனர் என்றும், ஏறத்தாழ 2,700 பேர் நீக்கப்பட்டு 12,000 பேர் தாமே விலகினர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுவர்.

இவர்களுட் பெரும்பாலோரை மெக்கார்த்தி கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அவர் எழுப்பிய கூச்சல் கேட்ட ஒவ்வோர் அதிகாரியும், நாளை தம்மை நோக்கி விரல் நீளுமோ என்று அஞ்சினார். விடுவிக்கக் கையொப்பமிட்டவர்க்கே ஆபத்து. நீக்கக் கையொப்பமிட்டவர்க்கு ஆபத்து ஏதுமில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த எவர்க்கும் இதன் பொருள் விளங்கும்.

‘முதலியோர்’

1953இல் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது. மெக்கார்த்தி அரசு நடவடிக்கைகள் குழுவின் தலைவரானார். அதன் நிரந்தரப் புலனாய்வுத் துணைக்குழுவும் அவர் கைக்கு வந்தது. ராய் கோன் என்னும் இளம் வழக்குரைஞர் அவருக்கு வலக்கையானார். வெளிநாடுகளில் அமெரிக்க அரசு நடத்திய நூலகங்கள் அவர் பார்வையில் விழுந்தன.

வெளியுறவுத் துறை அஞ்சி, தானே ஓர் ஆணையை முந்திக்கொண்டு அனுப்பியது. சர்ச்சைக்குரியோர், கம்யூனிஸ்டுகள், அவர்தம் தோழர் முதலியோரின் நூல்களைப் பயன்படுத்தலாகாது என்றது ஆணை. ‘முதலியோர்’ என்றால் எவர்? ஆணையிற் குறிப்பில்லை. நம் அலுவலகங்களில் அத்தகைய சொல் ஒரு சுற்றறிக்கையில் வந்தால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். விளக்கம் கேட்டு எழுதுபவர் ஒருவர். அதுவரை எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைப்பவர் ஒன்பதின்மர். அந்நூலகர்களும் அவ்வாறே செய்தனர். நூல்கள் அலமாரியினின்று இறங்கின. சில எரிக்கவும் பட்டன. ஐசனோவர் 1953 ஜூனில் டார்ட்மத் கல்லூரியில் பேசும்போது, நூலெரிப்போருடன் சேராதீர் என்று மாணவர்க்கு அறிவுரை சொல்ல நேர்ந்தது.

இதே ஐசனோவர்தாம் 1952 அக்டோபரில், மெக்கார்த்தியின் மாநிலத்தில் தேர்தற் பேச்சு நிகழ்த்தியபோது, தம்மை உயர்த்திய தளபதி மார்ஷலைப் பாராட்டும் பத்தி ஒன்றைத் தம் உரையினின்று நீக்கியவர். மார்ஷலைச் சதிகாரர் வரிசையில் வைத்து மெக்கார்த்தி முன்னாண்டு பேசியிருந்தார். ஐரோப்பாவில் பெரும்படை நடத்திய வீரர் ஒரு பத்திக்கு அஞ்சினார். தேர்தல் முடியட்டும் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். நல்லோர் பலர்க்கும் அந்நாளில் அத்தகைய நல்ல காரணம் ஒன்று கைவசம் இருந்தது.

ஓர் எழுத்தரின் விசாரணை

1954 மார்ச் 11ஆம் நாள், அன்னி லீ மாஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி மெக்கார்த்தியின் குழுமுன் அழைக்கப்பட்டார். இராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவில் அவர் ஓர் எழுத்தர். அதற்குமுன் அரசுச் சிற்றுண்டிச்சாலைகளிற் சமையல் பணி செய்தவர். வந்த மறைகுறிச் செய்திகளை இயந்திரத்தின் வழி மேலே அனுப்புவது அவர் வேலை. அவற்றை அவரால் படிக்க இயலாது. கம்யூனிஸ்டுக் கட்சியின் பட்டியலில் அவர் பெயரைக் கண்டதாகப் புலனாய்வுத் துறைக்குத் தகவல் தந்த ஒருவர் கூறியிருந்தார். நேரிற் பார்த்ததாக அவரும் சொல்லவில்லை.

மெக்கார்த்தி சிறிது நேரத்தில் எழுந்து போய்விட்டார். கார்ல் மார்க்ஸ் பற்றிக் கேட்டபோது, அவர் யார் என்று திருப்பிக் கேட்டார் அப்பெண்மணி, அவை சிரித்தது. அந்நகரத் தொலைபேசிக் கையேட்டில் அதே பெயருடையோர் மூவர் இருப்பதும் பேசப்பட்டது. செவிவழிச் சான்றை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவதா என்று செனட்டர் மெக்கிளெல்லன் சினந்தார், அவையோர் கைதட்டினர். எட்வர்ட் மர்ரோ அடுத்த வாரமே அந்த விசாரணையைத் தொலைக்காட்சியில் நாடறியக் காட்டினார். 1955 ஜனவரியில் இராணுவம் மாஸ் அம்மையாரை வேறு பிரிவில் மீண்டும் பணியமர்த்தியது. 1975இல் ஓய்வுபெறும் வரை அவர் எழுத்தராகவே இருந்தார்.

கதை இத்துடன் முடிந்தால் இனிதாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. 1940களின் கட்சி ஏடுகளில் அவருடைய பெயரும் முகவரியும் இருந்ததாக 1958இல் அரசு வாரியம் ஒன்று அறிவித்தது. அவர் உண்மையிலேயே உறுப்பினராக இருந்தாரா, எவரோ பெயரை எழுதி வைத்தனரா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் வேறுபடுவர். மெக்கார்த்திக்குப் பரிந்து பேசுவோர் இதனைப் பெரிதாக எடுத்துக் காட்டுவர்.

எனக்கோ இச்செய்தி வேறொன்றைச் சொல்கிறது. அந்த அம்மையார்க்கு வேண்டியிருந்தது நம்முடைய இரக்கமன்று, முறையான விசாரணை. குற்றம் சாட்டியவரை நேரிற் காணும் உரிமை குற்றமற்றவர்க்கு மட்டும் உரியதன்று. எவர் குற்றமற்றவர் என்பதை அறிய வேறு வழியே இல்லையாதலின், அது அனைவர்க்கும் உரியது. கூச்சலால் நடந்த விசாரணை, குற்றமற்றவரைக் காப்பாற்றவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும் உதவவில்லை.

2003இல் செனட் அக்குழுவின் மூடிய விசாரணைப் பதிவுகளை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. மெக்கார்த்தி சாட்சிகளை முதலில் மூடிய அறையில் ஒத்திகை பார்ப்பார் என்பதும், அங்கே திடமாய் விடை சொன்னவரைப் பெரும்பாலும் வெளி விசாரணைக்கு அழைக்கமாட்டார் என்பதும் அவற்றால் தெரிந்தது. அஞ்சியவரையே அவர் மேடை ஏற்றினார். தனியொருவர் உறுதியாய் நின்றதுமே ஒதுங்கிச் சென்றவர் அவர்.

வீழ்ச்சியும் அதன் காரணமும்

1953 இலையுதிர் காலத்தில் மெக்கார்த்தி மான்மத் கோட்டை இராணுவ ஆய்வுக்கூடத்தின்மேற் பாய்ந்தார். அங்கே நாற்பது பேரளவில் இடைநீக்கம் பெற்றனர். ஏறத்தாழ அனைவரும் பின்னாளில் திரும்ப அமர்த்தப்பட்டனர். ஆனால் இராணுவத்தைத் தொட்டது அவருக்கே வினையாயிற்று. 1954 ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை நடந்த விசாரணையைத் தொலைக்காட்சியில் மக்கள் கண்டனர். ஜூன் 9ஆம் நாள், தம் அலுவலக இளைஞன் ஒருவன்மேல் மெக்கார்த்தி வீண்பழி சுமத்தியபோது, இராணுவத்தின் வழக்குரைஞர் ஜோசப் வெல்ச், உமக்கு நாகரிகமே இல்லையா என்று பொருள்படக் கேட்டார். அவையில் கைதட்டல் எழுந்தது. அவ்வாண்டு ஜனவரியில் நூற்றுக்கு 50 பேர் மெக்கார்த்தியை ஆதரித்ததாகக் கேலப் கருத்துக் கணிப்பு காட்டிற்று. ஜூனில் அது 34 ஆயிற்று.

1954 டிசம்பர் 2ஆம் நாள், 67க்கு 22 என்னும் வாக்குகளால் செனட் அவரைக் கண்டித்தது. எதற்காகக் கண்டித்தது? நூலிழந்த நூலகங்களுக்காகவா? வேலையிழந்த எழுத்தர்களுக்காகவா? இல்லை. செனட் குழுவொன்றிற்கு ஒத்துழையாமைக்காகவும், மற்றொரு செனட் குழுவை இழித்துரைத்தமைக்காகவும் கண்டித்தது. தன் மகுடத்தில் கல் பட்டபோதே அவைக்கு வலித்தது. அப்போதும் அவருடைய கட்சியினருட் சரிபாதியினர் கண்டனத்தை எதிர்த்தே வாக்களித்தனர்.

நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்த கணமே, தானே கள்வன் என்று சொல்லி அரியணையில் உயிர் துறந்தான். இங்கே அத்தகைய சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. பொற்கொல்லன் ஒருவன்மேல் எல்லாப் பழியும் ஏறிற்று. அக்காலத்திற்கே அவன் பெயர் சூட்டப்பட்டது. அது மற்றவர்க்கு வசதியாகவும் இருந்தது.

எஞ்சிய சேதம்

அவர் வீழ்ந்தபின் எல்லாம் சீராயிற்றா? வெளியுறவுத் துறையில் சீன நாட்டை நன்கறிந்த அலுவலர் சிலர் இருந்தனர். சியாங் கை ஷேக்கின் ஆட்சி நிலைக்காது என்று நேர்மையாய் எழுதியனுப்பியவர் அவர். சொன்னது நடந்தபோது, நடக்கச் செய்தவரும் இவரே என்று பழி வந்தது. ஜான் சர்வீஸ் பலமுறை விசாரித்து விடுவிக்கப்பட்ட பின்னும் 1951 டிசம்பரில் நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 1957இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஜான் கார்ட்டர் வின்சென்ட் 1953இல் ஓய்வு கொள்ளச் செய்யப்பட்டார். ஜான் பேட்டன் டேவிஸ் 1954 நவம்பரில், மெக்கார்த்தி வீழ்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் நீக்கப்பட்டு, பெரு நாட்டில் மேசை நாற்காலி செய்து விற்றுப் பிழைத்தார்.

பத்தாண்டு கழித்து வியட்நாமிற்குப் படை அனுப்புவதா என்று வாஷிங்டனில் ஆலோசித்தபோது, ஆசியாவை அறிந்து துணிந்து பேசத் தக்கவர் அருகில் இல்லை. அன்று பாதுகாப்பு அமைச்சராய் இருந்த மக்னமாரா, 1995இல் எழுதிய நினைவு நூலில் இதனை ஒப்புக்கொண்டு, மேற்சொன்ன மூவர் பெயரையும் குறிப்பிட்டார். அப்போரில் அமெரிக்க வீரர் 58,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வியட்நாமியர் மாண்டது பன்மடங்கு. அத்தனைக்கும் மெக்கார்த்தியே காரணம் என்று சொன்னால் அது அவருடைய வழக்கப்படி பழி சுமத்துவதாகும். ஆனால் உண்மையை எழுதியவன் வேலையிழப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அடுத்த தலைமுறை அலுவலர், எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று கற்றுக்கொண்டனர். கோவலன் தலையோடு முடியாமல் மதுரை நகரையே எரித்த தீ அன்றோ அது!

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரிடத்தில் பின்னர் ஐயங்கொள்வதும், இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று அங்கே வள்ளுவர் கூறுவர். பாதுகாப்பு வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஆராய்ச்சி வேண்டும் என்றார். ஆராய்ந்தபின் அமைதி வேண்டும் என்றார். ட்ரூமன் ஆணையில் மாறிய அந்தச் சில சொற்களில் அறுந்துபோனது இந்த அமைதியே.

விடை

இனி நூலகத்தில் நான் சொல்லாத விடையைச் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் சக ஊழியர் ஒருவர்மேல் மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. கையொப்பமில்லை, சான்றுமில்லை. கோப்பு என் மேசைக்கு வந்தது. அவரை நான் நன்கறிவேன். ஒரே குவளையில் தேநீர் பகிர்ந்து குடித்திருக்கிறோம். கடிதம் பொய் என்று என் மனம் சொல்லிற்று. "இதில் ஆதாரம் இல்லை; மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதலாமா என்று யோசித்தேன். நாளைக்கு ஏதேனும் வெளிப்பட்டால் ஏன் மறைத்தாய் என்று என்னைக் கேட்பார்களே என்று தோன்றிற்று. "விளக்கம் கோரலாம்" என்று இரண்டே சொல் எழுதி மேலே அனுப்பினேன்.

விளக்கம் கோரினர், அதன்பின் விசாரணை. அவருடைய பதவி உயர்வு ஒன்றரை ஆண்டு நின்றது. முடிவில் ஒன்றுமில்லை என்று தெளிந்தது. அவர் மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் அனைவரிடமும் விடைபெற்றார்; என்னிடமும் சிரித்தபடியே விடைபெற்றார். குறிப்பெழுதியது நான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ! அந்தக் கடிதத்தை எழுதியவன் யாரென இன்றுவரை எவரும் அறியார். அவனிடம் எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் முழுவதும் எங்களிடமே இருந்தது.

ஆகவே என் விடை இது. மெக்கார்த்தி தனியாக நின்றால் ஆபத்தற்றவர். இளைஞர் சொன்னது மெய். உறுதியாய் நின்றவர் முன் அவர் ஒதுங்கினார் என்பதே அதற்குச் சான்று. ஆனால் அவர் ஒருநாளும் தனியாக நிற்கவில்லை. ஆணையில் சொல் மாற்றியவர், பத்தியை நீக்கியவர், ‘முதலியோர்’ என்று எழுதியவர், நூலை இறக்கியவர், ஐயுற்றும் கையொப்பமிட்டவர் என அவர்க்குப் பின்னே நீண்ட வரிசை இருந்தது. பிரிவினை பேசும் தலைவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று கேட்பதைவிட, அவர் நீட்டும் காகிதத்தை வாங்க எத்தனை கைகள் காத்திருக்கின்றன என்று கேட்பதே பொருத்தம். அவர் வீழ்ந்த நாளில் அந்தக் கைகள் வீழ்வதில்லை. பெரியவர் புற்று என்றது அதனைத்தான்.

ஊர்விட்டு ஊர் வந்து பிற மொழியினரிடை வாழும் நமக்கு இதில் தனியக்கறை உண்டு. பெயரைக் கண்டே ஒருவரை ஐயுறுவது எத்துணை எளிது என்பதை, புதிய ஊரில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் நம்முட் பலர் அறிந்திருப்போம். ஐயுறப்படுவது எவ்வாறு என்று அறிந்தவர், பிறரை ஐயுறுமுன் ஒருமுறை நின்று கேட்க வேண்டாமா? நம் பிள்ளைகள் நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மேசைக்குப் பின்னே அமர்வர். அவர்கள்முன் கையொப்பமற்ற ஒரு காகிதம் வரும் நாளும் வரும். அன்று மன்னனிடம் திரும்பிச் சென்று, மீண்டும் கேட்டறிக என்று சொல்லும் காவலராக அவர்கள் இருத்தல் வேண்டும். எழுத வேண்டிய குறிப்பு மிகச் சிறிது. நான் எழுதாத அந்தக் குறிப்பை அவர்களேனும் எழுதுவார்களாக!